வயசுக்கு ஒன்றும் ஆகவில்லை

தம்பியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த உறவுக்காரி ஒருத்தி, பழப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, படுத்திருந்தவனை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்ற அக்காவைத்தான் மேலும் கீழும் பார்த்தாள். "மூத்தவங்க நீங்க கல்லு மாதிரி நிக்கிறீங்க. இளையவர் இப்படிப் படுத்துட்டாரே," என்றாள். கேட்பதற்குப் பரிவு போலத்தான் இருந்தது. ஆனால் வரிசையில் முன்னால் நிற்க வேண்டியவள் நைசாகப் பின்னால் நழுவிவிட்டாள் என்று புகார் சொன்னது போலவும் இருந்தது.

அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விடுகிற ரகம் இல்லை. "எனக்கு யாரும் டோக்கன் குடுக்கலைம்மா. குடுத்திருந்தா நின்னிருப்பேன்," என்றாள். வந்தவளின் முகம் சுண்டிப்போனது. கட்டிலில் கிடந்த தம்பி மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். காய்ச்சலிலும் அவனுக்கு அக்காவின் வாய் பிடிக்கும்.

ஊரில் அவளுக்குச் சீட்டக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையோடு சரி. பைக், ஆட்டோ, வேன் என்று எதன் சீட் கிழிந்தாலும் அவள் கடைக்குத்தான் வரும். கடையைத் தொடங்கியவர் கணவர். மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோனபோது மகள் இடுப்பில் இருந்தாள். பாதி கிழித்துப்போட்ட ஒரு வேன் சீட் கடையில் கிடந்தது. வண்டிக்காரன் வாசலில் நின்றுகொண்டு, முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாமல், சீட்டை எடுத்துப் போகவும் முடியாமல் தவித்தான். அவள் குறடை எடுத்து மிச்சப் பின்களைப் பிடுங்கினாள். ரெக்சினை இழுத்துப் பிடிக்க முழங்காலை எங்கே ஊன்ற வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அதே முழங்கால். எழுபத்தொன்பது வயதில் அது முனகத்தான் செய்கிறது. அவள் பதிலுக்கு அதைத் திட்டுவாள்.

தெருப் பையன்கள் யாராவது விளையாட்டுக்கு, "என்னக்கா, இன்னும் உங்க சீட்டு கிழியலையா?" என்று கேட்டால், "ஊரு சீட்டையெல்லாம் கிழிக்கிறவ நான். என் சீட்டைக் கிழிக்க வர்றவன் என்கிட்டதான் குறடு வாங்கிட்டுப் போகணும்," என்பாள்.

அவளுக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு. 'வயசாச்சு' என்பதுதான் அது. கெட்ட வார்த்தையைக்கூடப் பொறுத்துக்கொள்வாள்; இதைப் பொறுக்க மாட்டாள். அதற்குக் காரணம் இருந்தது.

பிறந்த வீட்டில் பிள்ளைகள் ஆறு பேர். அவள் மூத்தவள். அடுத்தவன் நாலு வயதில் தொண்டை அடைப்பான் வந்து மூச்சுக்குத் திணறிப் போனான். கடைசியாகப் பிறந்த பெண்குழந்தை தவழத் தொடங்குமுன் வயிற்றுப்போக்கில் வற்றிப்போனது. அந்தக் காலத்தில் சாவு பெரியவர்களைத் தாண்டிக்கொண்டு வந்து தொட்டிலைத்தான் எட்டிப் பார்க்கும். எந்த வீட்டுக் கணக்கிலும் ஒன்றிரண்டு கழியும். யாரும் அதற்கு வயசைக் காரணம் சொன்னதில்லை. பிறகு ஊசி வந்தது, குழாய்த் தண்ணீர் வந்தது. சாவுக்குத் தொட்டிலில் வேலை குறைந்தது. அது போய்விடவில்லை, நடு வயதில் போய் உட்கார்ந்துகொண்டது. தங்கை ஒருத்தி உதிரப்போக்கை வெட்கத்தில் மறைத்து மறைத்து, வெளியே சொன்னபோது கர்ப்பப்பை முழுக்கப் புற்று. இன்னொரு தம்பி நெஞ்சு வலியை வாயு என்று நம்பி சோடா வாங்கிக் குடித்தான். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கக் கை நீட்டியவன் கடை வாசலிலேயே சரிந்தான்.

அம்மாதான் எல்லோரையும் தாண்டி நின்றாள். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகி, நெஞ்சில் சளி கட்டிப் போனபோது, வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் வயசாச்சு என்றார்கள். சொல்லிவிட்டு நிம்மதியாக டீ குடித்தார்கள். சீட்டக்கா மட்டும், அம்மாவைக் கொன்றது வயசு இல்லை, ஈரத் தரை என்றாள். அந்தத் தரையைத் துடைக்காமல் விட்டது யார் என்ற பேச்சு கிளம்பிவிடுமோ என்று பயந்து, எல்லோரும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஆக, ஆறு பேரில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். அவளும், இந்தச் சின்னவனும்.

சின்னவன் பஸ் டிரைவராக இருந்தவன். சர்க்கரை வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாத்திரையை அவன் விருந்தாளி போல நடத்தினான்: வந்தால் வரவேற்பான், வராவிட்டால் தேட மாட்டான். பாதம் மரத்துப்போய் எத்தனையோ நாள் ஆகியிருந்தது. செருப்புக்குள் ஒரு சின்ன ஆணி முளைத்து வலது பாதத்தைக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அவனுக்குத் தெரியவே இல்லை. தரையைத் துடைத்த மனைவிதான், துடைத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப ஈரத் தடம் விழுகிறதே என்று சந்தேகப்பட்டு அவன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். அதற்குள் விரல்கள் கறுத்திருந்தன. ஆஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். புண் நிற்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், நாளைக் காலைக்குள் சம்மதம் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சின்னவன் முடியாது என்றான். கையெழுத்துப் போட மாட்டேன், வீட்டுக்குப் போகிறேன் என்றான். "எழுபத்திநாலு ஆச்சு. போதும். கூடப் பிறந்தவங்கள்ல அக்காவைத் தவிர யாரும் இவ்வளவு ஓட்டலை," என்று டாக்டரிடமே சொன்னானாம். அவன் மகனும் தலையாட்டியிருக்கிறான்.

இதைச் சொல்லத்தான் தம்பி மனைவி போன் செய்திருந்தாள். கடையை மகளிடம் விட்டுவிட்டுச் சீட்டக்கா கிளம்பி வந்தாள். லிஃப்ட் வாசலில் திருவிழாக் கூட்டம். இரண்டாவது மாடிதானே என்று படியில் ஏறினாள். நடுவில் ஒருமுறை நின்று, சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தை ஊன்றிப் படிப்பவள் போல மூச்சு வாங்கினாள். எதிரே இறங்கி வந்த தம்பி மனைவி, "என்ன அண்ணி, இப்படி இரைக்குது?" என்று கேட்டதற்கு, படம் நல்லா இருக்கு என்றாள்.

உறவுக்காரியின் பழப்பையும் பரிவும் வந்துபோனது அதற்குப் பிறகுதான். அவள் படியிறங்கியதும் சீட்டக்கா டாக்டரைத் தேடிப் போனாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். மேஜையில் பாதி குடித்த டீ ஆறிக் கிடந்தது. சீட்டக்கா உட்காருமுன்பே கேட்டாள்: "டாக்டரம்மா, என் தம்பியைச் சாகடிக்கப்போறது வயசா, புண்ணா?"

இப்படி ஒரு கேள்வியை அந்தப் பெண் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சிரிக்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டும் கூட்டும்மா," என்றாள். "இதே புண்ணு முப்பது வயசு ஆளுக்கு வந்தா ஆறிப்போக வாய்ப்பு அதிகம். வயசாக ஆக உடம்புல இருப்பு குறையுது. அடி அதே அடிதான். தாங்கற சக்திதான் கம்மி. ஆனா அடிக்கிறது நோய்தான். வெறும் வயசு யாரையும் வந்து அடிக்காது."

சீட்டக்காவுக்கு இதில் பாதி பிடித்தது, பாதி பிடிக்கவில்லை. வயசுக்கும் பங்கு உண்டு என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொல்வதை அவள் கேட்டதில்லை. இருப்பு என்ற வார்த்தையை மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். மறுக்கத் தோன்றவில்லை.

காலை எடுத்தால் எத்தனை வருஷம் இருப்பான் என்று கேட்டாள். டாக்டர் அதற்கும் பூசி மெழுகவில்லை. வாக்குக் கொடுக்க முடியாது, இருதயமும் கிட்னியும் ஏற்கெனவே சர்க்கரையிடம் அடி வாங்கியிருக்கின்றன, ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று வரலாம், நிறையப் பேர் சில வருஷங்களுக்கு மேல் தாண்டுவதில்லை, சிலர் நன்றாகவே தாண்டுகிறார்கள் என்றாள். எடுக்காவிட்டால் விஷம் ரத்தத்தில் ஏறும். அதற்கு வருஷக் கணக்கே கிடையாது.

"சில வருஷம்னா சும்மாவா," என்று எழுந்தாள் சீட்டக்கா. "சில வருஷத்துல நான் எத்தனை சீட்டு தைப்பேன் தெரியுமா?"

வார்டு வாசலில் தம்பி மகன் வழிமறித்தான். நல்ல பையன், இரண்டு நாளாக ஷேவ் செய்யாத முகம். அப்பாவை நிம்மதியாக விட்டுவிடலாம் அத்தை, இந்த வயசில் கத்தி கித்தி என்று சித்திரவதை எதற்கு என்று முணுமுணுத்தான். கண் கலங்கியிருந்தது. சீட்டக்கா அவன் தோளில் கை வைத்தாள்.

"உனக்குப் பயமா இருக்குடா. தப்பில்லை, எனக்கும் இருக்கு. ஆனா நம்ம பயத்துக்கு உங்கப்பன் வயசை எடுத்துப் போர்வையாப் போத்தாதே. அவனுக்கு நாப்பது வயசுன்னா நீ இப்படிச் சொல்வியா? கடன உடன வாங்கியாவது டாக்டர் கால்ல விழுந்திருக்க மாட்டே?"

அவன் ஒதுங்கி நின்றான். வழியை விட்டான்.

சின்னவன் தலையணையில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது பாதத்தில் பொதி போலக் கட்டு. அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வந்த வேகத்தில் திட்டவில்லை. அவனுக்கு அதுதான் உறுத்தியிருக்க வேண்டும்.

"திட்டறதுன்னா திட்டிடு. நான் போட மாட்டேன்," என்றான் அவனே. "எழுபத்திநாலு ஆச்சுக்கா. எனக்குப் போதும்."

"யாருக்கு எழுபத்திநாலு?"

"எனக்குத்தான்."

"உனக்கு எழுபத்திரண்டுடா."

சின்னவன் கண்ணை மூடிக்கொண்டான். அந்தக் கதை அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பிறந்த தேதியை யாரும் எழுதி வைக்காத காலம். தலைக்கு மேலாகக் கையைச் சுற்றி எதிர்க் காதைத் தொட்டால் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார்கள். சின்னவனுக்குக் குரங்குக் கை. நாலு வயதிலேயே காதைப் பிடித்துவிட்டான். தலைமை ஆசிரியர் அவன் நீளக் கையைப் பார்த்து ஆறு என்று எழுதிக்கொண்டார். கூட்டிக்கொண்டு போனவள் பதினொரு வயது அக்காதான். அப்பாவிடம் வந்து சொன்னபோது, ரெண்டு வருஷம் முன்கூட்டியே படிச்சு முடிப்பான், நல்லதுதானே என்று விட்டுவிட்டார்.

"ரிட்டயர் பண்ணினாங்களே, அப்ப என்ன பண்ணினே?" என்றாள் அக்கா. "எனக்கு அம்பத்தாறுதான், ரெண்டு வருஷத்தை வாத்தியார் தின்னுட்டார்னு டிப்போவையே ரெண்டாக்கினே. என் சர்வீஸ்ல ரெண்டு வருஷத்தைக் குடுங்கன்னு மேனேஜர் மேஜையைத் தட்டினே. கடையை மூடிட்டு வந்து நான் சாட்சி சொன்னேன். இவன் பிறந்தப்போ எனக்கு ஏழு வயசுய்யா, நான்தான் இவனைத் தூக்கிச் சுமந்தேன்னு அத்தனை பேர் முன்னாடி நின்னு கத்தினேன். வண்டி ஓட்டணும்னா உனக்கு அம்பத்தாறு. காலை எடுக்கணும்னா எழுபத்திநாலா? எந்த வயசு வசதியோ அந்த வயசுல ஏறி உக்காந்துக்குவியா? பஸ்ஸா அது?"

பக்கத்துக் கட்டில்காரர் செய்தித்தாளைக் கொஞ்சம் இறக்கினார்.

சின்னவனுக்குக் கோபம் வந்துவிட்டது. முழங்கையை ஊன்றி எழுந்தான். "ரெண்டு வருஷத்துல என்னக்கா இருக்கு? எழுபத்திரண்டுன்னா புண்ணு ஆறிடுமா? கால் அழுகறதுக்கு வயசா கேக்குது?"

"அதைத்தான்டா நானும் கேக்கறேன்," என்றாள் அக்கா. "அது கேக்கலையே. நீ ஏன் சொல்றே? ஆனது காலுக்கு. உன் வயசுக்கு ஒண்ணும் ஆகலை."

சின்னவன் விழித்தான். வண்டியைத் தவறான சந்தில் விட்டுவிட்டு ரிவர்ஸ் எடுக்க இடம் தேடுகிறவன் முகம் அப்படித்தான் இருக்கும். தம்பி மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

பிறகு அவன் பேசியபோது குரல் வேறாக இருந்தது. இந்தக் காலால்தான் பிரேக் மிதித்தேன் என்றான். ஒரு தடவை பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. உள்ளே பஸ் நிறைய ஆள். நிறுத்தியது இந்தக் கால்தான். அதை வெட்டி எங்கேயோ தூக்கிப் போடுவார்கள், நான் பாத்ரூம் போகக்கூட மனைவி தோளைத் தேட வேண்டும். சாவைப் பற்றி எனக்குப் பயம் இல்லை, அரை ஆளாக நடுவீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் பயம் என்றான். இவ்வளவு நாளும் வயசு வயசு என்று சொன்னதெல்லாம் இதைச் சொல்லாமல் இருக்கத்தான் என்று அப்போதுதான் அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது.

சீட்டக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சமாதானமாக ஏதாவது சொல்வாள் என்று தம்பி மகன் எதிர்பார்த்தான்.

"கணக்குல நீ எப்பவும் மட்டம்டா. ஒண்ணுல கால் போனா அரையா? முக்கால். முக்கால் ஆளா இரு. நம்ம வீட்டுல அந்த முக்கால்கூடக் கிடைக்காம நாலு பேர் போயிட்டாங்க."

பக்கத்துக் கட்டில்காரர் இப்போது செய்தித்தாளை முழுசாகவே மடித்து வைத்துவிட்டார். சின்னவனுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு கண்ணும் நிறைந்தது. இரண்டையும் ஒரே துண்டால் துடைத்தான். துடைத்துக்கொண்டே அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தான். இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறவன் இல்லை அவன்.

"சரி. நீ சொல்றதெல்லாம் நியாயம்னே வெச்சுக்கலாம். உனக்கு ஏன் மூச்சு வாங்குது?"

"எனக்கா?"

"உனக்குத்தான். படியேறி வந்தியாமே. நடுவுல நின்னு படம் பார்த்தியாமே. இவ சொன்னா. ஒரு வருஷமா இப்படித்தானாம், உன் மக போன்ல அழுவுறா. ஏம்மா இரைக்குதுன்னு அவ கேட்டா நீ என்ன சொல்றே?"

சீட்டக்கா ஜன்னலைப் பார்த்தாள். மகள் கேட்டபோதெல்லாம் என்ன சொல்லியிருந்தாள் என்பது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஊர் முழுக்க யார் சொன்னாலும் சண்டைக்குப் போகிற அதே வார்த்தையை, தன் கடைக்குள், தன் மெஷின் முன்னால் உட்கார்ந்து, தானே சொல்லியிருந்தாள். டாக்டரிடம் போகாமல் இருக்க அதைவிட வசதியான வார்த்தை கிடையாது.

"சொல்லு," என்றான் சின்னவன்.

"வாயை மூடுடா."

"சொல்ல மாட்டியே. நான் சொன்னா பஸ், நீ சொன்னா மட்டும் என்ன, ஏரோப்ளேனா?" குரலில் பழைய டிரைவர் வந்துவிட்டான். "ஒரு பேச்சு. நான் கையெழுத்துப் போடறேன். நீ நெஞ்சைக் காட்டணும். இதே ஆஸ்பத்திரியில, நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள. சம்மதம்னா பேனாவைக் குடு, இல்லைன்னா ரெண்டு பேரும் வயசானவங்களாவே இருந்துட்டுப் போவோம்."

இப்படி ஒரு முட்டுச்சந்தில் அவளை யாரும் மாட்டிவிட்டதில்லை. தம்பி மகன் பேனாவை எடுத்து நீட்டிவிட்டு, அத்தை முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அந்தப் பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றி, தம்பி கையில் திணித்தாள்.

"கையெழுத்தாவது ஒழுங்காப் போடு," என்றாள்.

மறுநாள் காலை அவனைத் தள்ளிக்கொண்டு போனபோது, வாசலில் நின்ற நர்ஸ் வழக்கம்போலப் பெயரும் வயசும் கேட்டாள். எழுபத்திரண்டு என்றான். அட்டையில் எழுபத்திநாலு என்று இருக்கிறதே என்றாள் அந்தப் பெண். அட்டையை எழுதியவர் என் கையைப் பார்த்து எழுதினார், நீங்கள் ஆளைப் பார்த்து எழுதுங்கள் என்றான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் முதல் இரண்டு நாள் சின்னவன் யாரோடும் பேசவில்லை. இல்லாத விரல் அரிக்கிறது என்று மூன்றாவது நாள் மனைவியிடம் சிடுசிடுத்தான். அதற்குப் பிறகு சாப்பாட்டில் உப்பில்லை என்று ஆரம்பித்துவிட்டான். இனி இடது பாதத்தைத் தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தம்பி மனைவி பாக்கெட் சைஸ் கண்ணாடி ஒன்று வாங்கிவந்து, கைதி அறையைச் சோதனை போடுகிற போலீஸ் மாதிரி ஒவ்வொரு விரல் இடுக்கையும் பார்த்தாள். அவன் கூச்சத்தில் நெளிந்தான். அந்தக் காலில் கூச்சம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அக்காவை அவன் மறக்கவில்லை. தினமும் காலையில் அவள் வந்து நின்றதும், காட்டினியா என்பான். கடையில் வேலை என்பாள். நாளைக்கு என்பாள். ஒருநாள் அவன் சக்கர நாற்காலியைக் கேட்டு வாங்கி, மகனைத் தள்ளச் சொல்லி, லிஃப்டில் அவளையும் ஏற்றிக்கொண்டு, நேராக இருதய டாக்டர் அறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். வழிநெடுக, வலது பக்கம் ஒடி, மெதுவா, ஹாரன் அடி என்று மகனுக்கு உத்தரவு வேறு. கதவைத் திறந்துவிட்டு, "இறங்கு, உன் ஸ்டாப்பிங் வந்தாச்சு," என்றான்.

உள்ளே இருந்தவர் நரைத்த தலைக்காரர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். மேஜையில் நெஞ்சு மாதிரி ஒரு பிளாஸ்டிக் பொம்மை. அதன் இருதயத்தை யாரோ கழற்றித் தனியாக வைத்திருந்தார்கள். சீட்டக்கா அதைப் பார்த்தாள். பயமாக இருந்தது. வெளியே, முக்கால் ஆள் ஒருவன் கதவருகிலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியும்.

"சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?" என்றார் டாக்டர். அவள் தயங்குவதைப் பார்த்து அவரே எடுத்துக்கொடுத்தார்: "வயசு என்ன, எண்பது இருக்குமா? அப்ப கொஞ்சம்..."

"எண்பது ஆகப்போகுது. அது தனி," என்றாள் சீட்டக்கா. நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டாள். "படி ஏறினா மூச்சு வாங்குது. படுத்தா இருமல் வருது. சாயங்காலம் கணுக்கால் வீங்குது. எதனாலன்னு பாருங்க."

டாக்டர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, காதில் குழாயை மாட்டினார்.